மூக்கால் பாடுகிறவன்



சென்ற ஆண்டு இதே பக்கத்தில், இன்றைய பிள்ளைகள் கேட்கும் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நக்கலாக எழுதியிருந்தேன். மூக்கடைத்துக் கொண்டவனை மருத்துவமனைக்கு அனுப்பாமல் மேடைக்கு அனுப்புகிறார்கள் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே பாராட்டிக் கடிதம் போட்டவர்கள் உண்டு. ஸ்கூடாயிலிருந்து ஓர் ஐயா தொலைபேசியில் அழைத்து, அதை எனக்கே திரும்ப வாசித்துக் காட்டிச் சிரித்தார். அவருக்குச் சங்கடமான செய்தி: அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யாரை மனத்தில் வைத்து எழுதினேனோ, அவர் பாடிய பாட்டை இப்போது மெய்ப்புத் திருத்தும்போது முணுமுணுக்கிறேன். பக்க வடிவமைப்பு செய்யும் தம்பி போன வாரம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். குளுவாங்கில் இருக்கும் என் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜொகூர் பாருவிலிருந்து போய்வருகிறோம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது எனக்கு இப்போது ஒத்துவருவதில்லை, மகள் ஓட்டுகிறாள். எங்கள் வீட்டுக் காரில் பழைய சட்டம் ஒன்று உண்டு. ஸ்டீரிங் யார் கையிலோ, பாட்டும் அவர் கையில். அவள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அந்தச் சட்டத்தின் பயனை நான்தான் அனுபவித்தேன். டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி என்று விடியற்காலையிலேயே புகட்டினேன். இப்போது அவள் வட்டியும் முதலுமாக வசூலிக்கிறாள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

அவள் போடுவது ஹுஜான். மலாயில் மழை என்று பொருள். 2005-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ராக் குழு. மைஸ்பேஸ் என்றொரு இணையத்தளம் இருந்ததே, அதன் வழியாக இளைஞர்களிடையே பெயர் பரவி மேலே வந்தவர்கள். 'இண்டி' என்கிறார்களே, பெரிய கம்பெனிகளின் நிழலில் ஒதுங்காமல் தங்கள் பாட்டைத் தாங்களே சுமந்து திரிகிற வகை. 2008-இல் குழுவின் பெயரிலேயே ஒரு தொகுப்பு, அடுத்த ஆண்டு 'மென்சாரி கொன்க்லூசி'. ரசிகர்கள் தங்களை 'ரெயிங்கர்ஸ்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பாடுகிறவர் நோ சாலே, சரவாக்கின் கூச்சிங்காரர்.

அந்தக் குரலை எப்படி விவரிப்பது? தூக்கம் கலையாத குரல். சொற்களைப் பல்லால் கடித்துத் துப்பாமல், வெற்றிலை போட்ட வாய்க்குள் உருட்டுவதுபோல உருட்டுவார். 'அ' எங்கே முடிந்து 'ஏ' எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பாதி மூச்சு மூக்கு வழியே போகும். மலாய்க்காரர்களிலேயே பலருக்கு அது பிடிப்பதில்லை. பிடித்தவர்களுக்கோ வேறு குரல் பிடிப்பதில்லை. முதல் மாதம் நான் சிம்பாங் ரெங்கம் வரும்வரை பொறுத்துக்கொண்டிருந்து, பிறகு குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடுவேன். "இந்தச் சொல் புரியவே இல்லையே. இந்த இடத்தில் சுருதி இறங்குகிறதே. இவனுக்கு யாராவது உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கக் கூடாதா?" மகள் ஒருநாள் நிதானமாகக் கேட்டாள்: "அப்பா, நீங்க பாட்டு கேக்கறீங்களா, பரீட்சைத் தாள் திருத்தறீங்களா?"

கேள்வி சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதில் நியாயம் இருந்தது. தமிழ்க் காதுக்குப் பாட்டு என்றால் முதலில் சொல். ழகரம் பிசகினால் பாட்டே பிசகியது என்று வளர்ந்தவர்கள் நாம். சினிமாப் பாட்டில் குரலை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வாத்தியங்களைப் பின்னால் நிற்கவைப்பார்கள். இந்த ராக் குழுக்களில் அந்த மரியாதை கிடையாது. இரண்டு கித்தார்கள் இரைந்துகொண்டிருக்கும். பாடகர் அந்தக் கூட்டத்துக்குள் ஒருவராக நின்றுதான் குரல்கொடுக்க வேண்டும். உறுமும் கித்தார் அடைத்துக்கொள்வது மனிதக் குரல் புழங்கும் அதே நடு இடத்தை. பட்டுப்போன்ற குரல் அங்கே மூழ்கிப்போகும். ஒன்று, குரல் உச்சத்துக்கு ஏற வேண்டும். அல்லது மூக்கின் ஒலியைச் சேர்த்துக் கூர்மையாக்கி அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். நாகசுரம் செய்வதும் அதுதானே? வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் காது கூசும். தவிலும் கூட்டமும் வெடிச் சத்தமும் கலந்த தெருவில் அதுவே தேனாக வந்து சேரும்.

நம்முடைய பழைய நாடக மேடையை எண்ணிப் பார்த்தேன். மைக் வராத காலம். எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் அத்தனை உயர்ந்த சுருதியில் பாடியது அழகுக்காக மட்டுமா? கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்ட வேண்டுமே. மைக் வந்தபின் அந்தத் தேவை போயிற்று. குரல்கள் கீழே இறங்கின, மென்மையாயின. இறங்கிய குரலுக்குப் பழகிய காதுக்கு ஏறிய குரல் கத்தலாகக் கேட்கத் தொடங்கியது. நான் 'கர்ணகடூரம்' என்று எழுதியவற்றில் எத்தனை பாடகரின் குறை, எத்தனை என் பழக்கம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டி.எம்.எஸ். குரலைத்தான் அளவுகோலாக நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்கே ஒருகாலத்தில் சந்தேகப் பார்வை விழுந்திருக்கிறது. பாகவதர் பாணியில் பாடிக்கொண்டு வந்தவர் அவர். 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன். 1954-இல் 'தூக்குத் தூக்கி'க்கு டி.எம்.எஸ். வந்தபோது இந்தக் குரல் சிவாஜிக்கு ஒட்டுமா என்று தயங்கினார்கள், ஜி.ராமநாதன் இசையில் அவர் பாடிக் காட்டிய பிறகே தயக்கம் போனது என்பது சினிமாக்காரர்கள் பலமுறை சொன்ன கதை. அப்புறம் சிவாஜிக்கு வேறு குரலே இல்லை என்றாகிவிட்டது. இளையராஜா சொந்தக் குரலில் பாடியபோது எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் முகம் சுளித்ததை நானே பார்த்திருக்கிறேன். "மெட்டுப் போடறவரு மெட்டோட நிறுத்திக்கலாம்ல?" என்பார் என் சித்தப்பா. அதே சித்தப்பா கடைசிக் காலத்தில் ராஜா குரல் கேட்காமல் தூங்கமாட்டார்.

இனி ஜொகூர்க் கதைக்கு வருகிறேன். வரவில்லையென்றால் வாசகர்களில் ஐம்பதைக் கடந்தவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். செர்ச் என்ற மலாய் ராக் குழு 1981-இல் நம் ஜொகூர் பாருவில் பிறந்தது. கோலாலம்பூர்க்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், நாம் மறக்கலாகாது. 1985-இல் செர்ச்சின் 'சிந்தா புவாத்தான் மலேசியா' தொகுப்பு வந்தபோது நான் இடைநிலைப் பள்ளி மாணவன். வகுப்பில் மலாய் நண்பர்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டு, குழுவின் பாடகர் ஏமியைப்போல உச்சத்தில் கத்த முயன்று தொண்டை கட்டிக்கொள்வார்கள். ஏமியின் குரல் கூரைமேல் ஏறி நின்று கூப்பிடுகிற குரல். எங்கள் வீட்டில் அதைக் கேட்டால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்துபோய் ரேடியோவை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார். 'ரோக் கப்பாக்', கோடரி ராக், என்று கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. குரல் மட்டுமா? முடியும் வம்புக்கு வந்தது. 1992-இல் நீள முடி வைத்த பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்றார்கள். அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட்டும் ஜொகூர்க்காரர்தான். ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் முடியை வெட்டிக்கொண்டது நாடே பார்த்த செய்தி. (கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இதில் நம்மைவிட மூத்தவர்கள். 1972-இல் லெட் செப்லின் குழுவையே முடியைக் காரணம் காட்டிச் சிங்கப்பூர் உள்ளே விடவில்லை.)

முடிக்கு மூன்றாண்டு முன்பே வேறொரு சண்டை நடந்து முடிந்திருந்தது. 1989-இல் செர்ச்சின் 'ஃபெனோமெனா' தொகுப்பு. சிங்கப்பூரில் பிறந்த எம்.நாசிர் கைவண்ணம். அதில்தான் 'இசபெல்லா'. இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவர்களின் காதல் பற்றிய, மெதுவாக நடக்கும் பாட்டு. மலேசியாவில் ஓடியது போதாதென்று இந்தோனேசியாவிலும் கொடிகட்டிப் பறந்தது. அதுவரை வாய் திறந்து பாராட்டாத வீடுகளில் எல்லாம் ஒலித்தது. எங்கள் அப்பா ரேடியோவை அணைக்கவில்லை. ஆனால் வகுப்பில் மேசைத்தாளம் போட்டவர்களில் ஒருவன், என் நெருங்கிய நண்பன், செர்ச் கேசட்டுகளை எல்லாம் வந்த விலைக்கு விற்றுவிட்டான். "விலைபோய்ட்டானுங்கடா" என்றான். அம்மாக்களுக்குப் பிடிக்கிற பாட்டைப் பாடியதுதான் அவர்கள் செய்த குற்றம். குழுவினர் நிலையில் நின்று பாருங்கள்: முதலில் விநோதமாக இருக்கிறார்கள் என்று திட்டு, பழகியபின், விநோதத்தை விட்டுவிட்டார்கள் என்று திட்டு.

அவனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நானே அப்படியானேன் என்பதுதான் இந்தப் பக்கத்தின் வேடிக்கை.

ஹுஜானின் பாட்டுகளில் 'பாகி யாங் கெலாப்' என்று ஒன்று. இருண்ட காலை என்று பொருள். இன்னொன்று 'பிலா ஆகு சுடா தியாடா', நான் இல்லாமல் போன பிறகு. இந்த இரண்டும் எத்தனை ஞாயிறு ஓடியிருக்கும் என்று கணக்கில்லை. எந்த நாளில் பிடிக்கத் தொடங்கியது என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. மகள் பேசாமல் சாலையில் கண் வைத்திருந்தாள். 'பிலா ஆகு' ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் "திரும்பப் போடு" என்று சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நான் மறுத்திருப்பேன்.

பிறகு யோசித்தேன். தான் இல்லாத உலகத்தைப் பற்றிய பாட்டு அது. பயிற்சி பெற்ற நல்ல சாரீரம் அதைப் பாடியிருந்தால் இரங்கற் கூட்டத்து உரைபோல ஆகியிருக்கும். இந்த ஆள் பாடுவது, நடுராத்திரி மூன்று மணிக்கு நண்பனைத் தொலைபேசியில் அழைத்து, பயத்தைப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேறு எதையோ பேசுவதுபோலப் பேசும் இருபத்து மூன்று வயதுப் பையனின் குரல். அந்த வயதுப் பையன்கள் அப்படித்தான் பேசுவார்கள், சொல்லை முழுங்கி. உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் பொய்யாகியிருக்கும். எல்லாப் பாட்டுக்கும் இந்த நியாயம் செல்லாது. அவருடைய சில பாட்டுகளில் அந்த முழுங்கல் வெறும் சோம்பல்தான் என்று இன்றும் சொல்வேன். மகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பிடித்துப்போய், அந்த முதல் காலத்துக் கரடுமுரடான கித்தார் சத்தத்துக்குள் வசதியாகக் கால்நீட்டி உட்கார்ந்த பிறகு, மகள் அடுத்தடுத்த தொகுப்புகளுக்குப் போனாள். சத்தம் மாறியிருந்தது. ஓரங்கள் தேய்ந்து, மெருகேறி, இடம்விட்டு இடம்விட்டு ஒலித்தது. ஆங்கிலப் பெயரில் ஒரு தொகுப்பு வேறு. எனக்கு வந்ததே கோபம். "இது அந்த ஹுஜான் இல்லையே. பழசுல இருந்த உயிர் இதுல இல்ல." மகள் ஆயர் ஈத்தாம் சந்திப்பைத் தாண்டும்வரை சிரித்தாள். "அப்பா, இது வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க ரசிகரா சேர்ந்தே நாலு மாசம்தான் ஆவுது."

மாறாமல் இருப்பதற்கு அவர்கள் என்ன மைல்கல்லா? இங்கே பட்டர்ஃபிங்கர்ஸ் என்று இன்னொரு குழு. 1996-இல் ஆங்கிலத்தில், அமெரிக்கக் கிரஞ்ச் பாணியில் முதல் தொகுப்பை வெளியிட்டவர்கள், 2004-இல் முழுக்க மலாய்க்கு மாறி 'செலாமாட் திங்கால் துன்யா' கொண்டுவந்தார்கள். பாதி ரசிகர்களுக்கு அது துரோகம், மீதிப் பேருக்கு அன்றுதான் அவர்கள் வீடு திரும்பினார்கள். நம் ஆட்களில் யோகி பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். போயட்டிக் அம்மோவில் ஆங்கிலத்தில் ராப் பாடியவர், நட்சத்ராவுடன் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பில் தமிழுக்கு வந்தார். 'நிழல்கள்' படத்துப் பாட்டை எடுத்து அவர்கள் புதிதாகச் செய்தபோது, புனிதம் கெட்டது என்று குமுறிய கடிதங்களை நான் வேலைசெய்த பத்திரிகை அலுவலகத்தில் கட்டுக்கட்டாகப் பிரித்திருக்கிறேன். இன்று அதைக் கல்யாண மண்டபத்தில் போடுகிறார்கள். குமுறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

நோ சாலே பிற்பாடு குழுவோடு சேராமல் தனியாகவும் பாடினார். அதில் ஒரு பாட்டு 'அங்ஙின் கென்சாங்'. பலத்த காற்று. அதைக் குளுவாங் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது மகள் போட்டிருந்தாள். கைத்தடியோடு வாசலுக்கு வந்த அம்மா, காரின் கதவைத் திறந்தபடி அப்படியே நின்றார். அம்மாவுக்கு 80 வயது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அறுபதுகளில் அந்தப் பக்கம் ரேடியோ வைத்திருந்த ஒரே வீடு கிராணி வீடு. அங்கே மாலையில் தமிழ் நிகழ்ச்சி முடிந்ததும் மலாய்ப் பாட்டு வரும். பீட்டில்ஸ் குழுவின் 'யே யே'யைப் பார்த்துப் 'பொப் யே யே' என்று பெயர் வைத்தார்களே, அந்தக் காலத்துப் பாட்டு. திடலில் திரை கட்டி பி.ரம்லி படம் காட்டுவார்கள். அந்தச் சாயல் இந்தப் பாட்டில் இருக்கிறது. முழுதும் கேட்டுவிட்டு அம்மா சொன்ன விமர்சனத்தை அப்படியே தருகிறேன், எங்கள் இதழில் இதைவிடச் சுருக்கமான இசை விமர்சனம் வந்ததில்லை: "மூக்கடைச்சவன் மாதிரி பாடறான். ஆனா மெட்டு நம்ம மெட்டு."

நம்ம மெட்டு என்றார். மலாய்ப் பாட்டை. எனக்கு அந்தச் சொல்தான் இன்னும் காதில் நிற்கிறது.

பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் அலிகேட்ஸ் குழுவாக மலாயில் பாடியபோது, இந்த நாட்டு மலாய்க் குடும்பங்கள் அந்தக் குரல்களைத் தங்கள் வீட்டுக் குரல்களாக எடுத்துக்கொண்டன. உச்சரிப்பில் குறை பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம் காதுக்கு எட்டும்படி சொல்லவில்லை. 2007-இல் லோகநாதன் காலமானபோது அழுதவர்களில் தமிழர்களைவிட மலாய்க்காரர்கள் அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. நாம் அதை எண்ணிப் பெருமைப்படுகிறோம், மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் நான் ஆசிரியர் பொறுப்பேற்ற பின் வந்த இதழ்கள் அத்தனையையும் போன வாரம் அலமாரியிலிருந்து இறக்கிப் புரட்டினேன். ஒரு மலாய்ப் பாடகரைப் பற்றி, ஒரு சீனப் பாடகரைப் பற்றி, ஒரு பக்கம், அரைப் பக்கம் கூட இல்லை. செர்ச் நம் ஊர்க் குழு. நாலு தெரு தள்ளிப் பிறந்தது. ஒரு வரி இல்லை. சென்னையில் எந்தப் படத்துக்கு எந்தப் பாடகர் என்பது மட்டும் மாதம் தவறாமல் வந்திருக்கிறது. இதற்கு வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை. பக்கங்களைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

ஆகவே வரும் இதழிலிருந்து 'பக்கத்து வீட்டுப் பாட்டு' என்று ஒரு பகுதி தொடங்குகிறோம். மாதம் ஒரு பக்கம். நம் மொழி அல்லாத, ஆனால் நம் ஊரில் ஒலிக்கிற ஒரு பாட்டைப் பற்றி வாசகர்களே எழுத வேண்டும். இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கே கேட்டீர்கள், முதலில் பிடித்ததா, எப்போது பிடித்தது, இன்னும் பிடிக்கவில்லையென்றால் ஏன், இவ்வளவு போதும். பள்ளி மாணவர்கள் தங்கள் பாட்டி தாத்தாவைக் கேட்டு எழுதினால் முன்னுரிமை. தோட்டத்து ரேடியோ, பசார் மாலாம் கேசட் கடை, தொழிற்சாலைப் பேருந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எங்கே கேட்டதானாலும் சரி. முதல் பக்கத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருக்கு ஏற்கெனவே இரண்டு பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது, மூன்றாவதன் நடுப்பகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஸ்கூடாய் ஐயாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் முதலில் எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் போடுகிறேன். கேசட் மட்டும் அனுப்ப வேண்டாம். அலுவலகத்தில் இருக்கும் பெட்டி ஓடுவதில்லை. பாட்டின் பெயரை எழுதினால் போதும், மகள் தேடி எடுத்துத் தருவாள்.

அன்புடன்,
ஆசிரியர்
ஜொகூர் பாரு